மூலப்பத்திரம் கேட்கும் கார்கள்

பழைய அமெரிக்கக் கார்கள் விற்பனைக்கு நிற்கும் இடத்தில் விவரம் தெரிந்த ஆள் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பெயின்ட்டின் பளபளப்பையும் சீட்டின் தையலையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் போனட்டைத் திறக்கச் சொல்லி, கையில் ஒரு சின்ன டார்ச்சோடு இன்ஜினின் முன்பக்கம் குனிவார். செவர்லேயின் வி-8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் என்றால், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னே பாதி மறைந்தபடி, இரண்டு விரல் அகலத்துக்கு மெஷினில் சீவிய ஒரு பட்டை இருக்கும். அதன் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டுப் படிப்பார்: ‘வி 0416 டி-இசட்’.

ஃபிளின்ட் நகர ஆலையில் ஏப்ரல் 16ஆம் தேதி பூட்டிய இன்ஜின் என்று அதற்குப் பொருள். டி-இசட் என்பது 1969 கமாரோ இசட்/28 வண்டிக்கென்றே வந்த 302 கன அங்குல இன்ஜினின் குறி. பக்கத்திலேயே ‘19என்’ என்று தொடங்கும் இன்னொரு வரிசை இருந்தால், அது 1969ஆம் ஆண்டு ஓஹையோவின் நார்வுட் ஆலையில் உருவான காரின் சேசிஸ் நம்பரைச் சுருக்கி அடித்தது. அதை டாஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியே தெரியும் நம்பரோடு ஒப்பிடுவார். பொருந்திவிட்டால் எழுந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். பிளாக்கின் பின்பக்கம் வார்ப்புத் தேதி இருக்கிறது. அதையும் கண்ணாடித்துண்டு வைத்துத் தேடுவார். ‘டி 12 9’ என்றிருந்தால் 1969 ஏப்ரல் 12. ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தான டி நான்காம் மாதத்தைக் குறிக்கும். 12ஆம் தேதி வார்த்ததை 16ஆம் தேதி பூட்டியிருக்கலாம், நியாயம்தான். வார்ப்பு மே மாதமென்று இருந்தால், பிள்ளைக்குப் பிறகு தாய் பிறந்த கதையாகிவிடும்.

இதற்குப் பிறகும் ஒரு சோதனை பாக்கி. ஆலையில் அந்தப் பட்டையைச் சீவிய கருவி, ரெகார்டு தட்டின் கோடுகளைப் போல மெல்லிய இணைகோடுகளை விட்டுச்சென்றிருக்கும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் அடிக்கப்பட்டவை. கோடுகள் இல்லாமல் பட்டை மொழுமொழுவென்று இருந்தாலோ, கோடுகள் வேறு திசையில் ஓடினாலோ, யாரோ பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கக் கூடும். அந்த ஒரு சந்தேகத்தில் காரின் விலை பாதியாகலாம்.

நிலம் வாங்கப்போகிறவர் மண்ணின் நிறத்தைப் பார்க்குமுன் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று கேட்பாரே, அதே புத்தி. ஒரு காருக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்ற கேள்வி நியாயமானது. ஃபெராரியும் புகாட்டியும் வேறு கதை. அவை தொடக்கத்திலிருந்தே தனி ஜாதி. கொஞ்சம் பேருக்காகக் கொஞ்சம் எண்ணிக்கையில் செய்தவை. சாதாரணக் காருக்குள் பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்க மஸில் கார் அப்படிப் பிறக்கவில்லை. அது பிறந்ததே ஒரு படிவத்தில் போட்ட டிக் குறியால். அந்தப் பிறப்பின் கதையைத் தெரிந்துகொண்டால்தான், அறுபது ஆண்டு கழித்தும் இந்தக் கார் பிரியர்கள் ஏன் எண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் கார்ப் பந்தயத்தில் ஈடுபடத் தடை போட்டது. வேகத்தைக் காட்டியே இளைஞர்களிடம் பெயர் வாங்கியிருந்த போன்டியாக் பிரிவுக்கு அது பேரிடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன்; அவருக்குக் கீழே பில் காலின்ஸ், ரஸ் கீ என்ற இரண்டு பொறியாளர்கள். நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள் பெரிய காரின் 389 கன அங்குல இன்ஜினை வைத்தால் என்ன என்று இவர்கள் யோசித்தார்கள். 389 கன அங்குலம் என்றால் சுமார் 6.4 லிட்டர். டெம்பெஸ்டின் வழக்கமான வி-8க்கும் இதற்கும் வெளி அளவு ஒன்றே என்பதால் உள்ளே பொருத்துவதில் சிக்கலே இல்லை. தலைமையின் விதிதான் சிக்கல்: நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது.

அந்த விதியில் ஒரு சந்து இருந்தது. புது மாடல் என்றால் தலைமையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் மாடலுக்கு ஒரு ஆப்ஷன் என்றால் வேண்டாம். ஆகவே ஜி.டி.ஓ. 1964 மாடல் வரிசையில் காராக வரவில்லை; டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 295 டாலர் கூடுதல் கட்டி வாங்கும் ஆப்ஷனாக வந்தது. பெயரையும் ஃபெராரியிடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். விற்பனைப் பிரிவு 5,000 கார் போகும் என்று கணக்குப் போட்டது. போனது 32,450. தலைமை கோபித்துக்கொள்ள நேரமில்லாமல் மற்றப் பிரிவுகளும் இதையே செய்யத் தொடங்கின. ஃபோர்டும் கிறைஸ்லரும் பின்னாலேயே வந்தன.

வீட்டுக்கார அம்மா கடைக்குப் போகிற காரின் உடம்பு, பெரிய காரின் இதயம், இரண்டையும் சேர்த்து வைத்தது ஓர் ஆர்டர் படிவம். விலை மலிவாக இருந்ததற்கும் அதுவே காரணம். பின்னாளில் வந்த அத்தனை வம்புகளுக்கும் அதுதான் காரணம்.

ஏனென்றால், டிக் குறியால் பிறந்ததை ஸ்பேனரால் பிறப்பித்துவிடலாம். சாதாரண லெமான்ஸ் ஒன்றை வாங்கி, 389 இன்ஜினை இறக்கி, கிரில்லில் மூன்று எழுத்தை மாட்டினால் அது பார்வைக்கு ஜி.டி.ஓ. 1964, 1965 கார்களின் சேசிஸ் நம்பர் இதில் உதவாது. அது லெமான்ஸ் என்று மட்டும் சொல்லும். 1966இல் ஜி.டி.ஓ. தனி மாடலான பிறகுதான் நம்பர் 242 என்று தொடங்கியது. அதற்கு முந்தைய கார்களுக்கு மூலப்பத்திரம் வேண்டுமென்றால் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் போக வேண்டும். ஆலையின் பழைய விற்பனைச் சீட்டுகளின் படம் அவர்களிடம் இருக்கிறது. நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் நகல் வரும். ‘பி.ஹெச்.எஸ். இருக்கிறதா?’ என்பது போன்டியாக் வட்டாரத்தில் முதல் கேள்வி. இல்லையென்றால் அடுத்த கேள்வி வராது.

ஃபோர்டு பிரியர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம். 1967 முதல் வந்த கார்களின் தயாரிப்புப் பதிவுகளை வைத்துக்கொண்டு கெவின் மார்ட்டி என்பவர் நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு காருக்கும் தனி அறிக்கை தருகிறது: எந்த நிறம், எந்த கியர்பாக்ஸ், எந்த டீலருக்கு அனுப்பியது, அதே சேர்க்கையில் இன்னும் எத்தனை கார் வெளிவந்தன என்பது வரைக்கும். ‘மார்ட்டி ரிப்போர்ட்’ இல்லாத மஸ்டாங்கை வாங்குவது ஜாதகம் பார்க்காமல் பெண் எடுப்பது மாதிரி என்று அவர்களே ஒத்துக்கொள்வார்கள், ஜாதகம் என்ற சொல் தெரிந்திருந்தால்.

பாவப்பட்டவர்கள் செவர்லேக்காரர்கள். அமெரிக்காவில் விற்ற செவர்லேகளுக்கு அந்தக் காலத்து வண்டிவாரிக் கணக்கு கிடைப்பதில்லை. 1970 செவெல் எஸ்.எஸ். காரில் 454 கன அங்குல எல்.எஸ்.6 இன்ஜின் வந்தது. கம்பெனி சொன்ன திறன் 450 ஹெச்.பி. அந்தக் காலத்து உச்சங்களில் ஒன்று. தயாரானவை 4,475 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் அந்த ஆண்டு செவெலின் சேசிஸ் நம்பர் ‘மாலிபு, வி-8’ என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். மாலிபு என்பது செவெலின் ஒரு வகை. சின்ன வி-8 போட்ட மாலிபுவுக்கும் எல்.எஸ்.6 வண்டிக்கும் நம்பரில் வித்தியாசமே கிடையாது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த இடைவெளியில்தான் போலிகள் விளைகின்றன. கமாரோ இசட்/28 கதையும் இதுவே. முதல் ஆண்டான 1967இல் செய்தவை மொத்தம் 602. ‘அதில் இன்னும் ஆயிரம் கார் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது அவர்களுடைய பழைய நகைச்சுவை.

அதனால் செவர்லே பிரியர்கள் புதையல் தேடுகிறவர்களாகிவிட்டார்கள். ஆலையில் கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது எந்தப் பாகத்தை மாட்ட வேண்டும் என்று தொழிலாளிகளுக்குச் சொல்ல ஒரு தாள் கூடவே போகும். பில்ட் ஷீட் என்பார்கள். வேலை முடிந்ததும் அதற்கு மதிப்பில்லை. தொழிலாளி அதைப் பெட்ரோல் டேங்கின் மேலேயோ சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளேயோ செருகிவிட்டுப் போய்விடுவார். ஐம்பது ஆண்டு கழித்து டேங்கை இறக்கும்போது, எலி கடித்து, துரு ஏறி, பழுப்பு நிறத்தில் அந்தத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிழியாமல் எடுக்க நீராவி காட்டுகிறவர்கள் உண்டு. குப்பையாகக் கிடந்த தாள் இன்று காரின் விலையில் பெரும்பங்கைச் சுமக்கிறது. முதல் சொந்தக்காரருக்கு வாரன்டி புத்தகத்தோடு தந்த ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற உலோகத் தகடு கிடைத்தால் இன்னும் விசேஷம். ஆனால் இந்தத் தாளையும் தகட்டையும்கூடப் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், பத்திரத்துக்கே பத்திரம் தேட வேண்டிய நிலை.

கிறைஸ்லர் வகைகளில் நிலைமை தெளிவு. சேசிஸ் நம்பரிலேயே ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லிவிடும். 1970 பிளிமத் குடாவில் ‘பி-எஸ்-23-ஆர்-0-பி’ என்று தொடங்கினால், அந்த ஆர்தான் 426 ஹெமி என்ற பெரிய இன்ஜின். இன்ஜின் இருக்கும் அறையில் இடப்பக்கத் தகட்டில் அறைந்திருக்கும் சின்ன உலோகச் சீட்டை வேறு கீழ்வரியிலிருந்து மேலே படித்துக்கொள்ளலாம். ‘ஈ74’ என்பதும் ஹெமியையே சொல்கிறது. 1970இல் ஹெமி ஆப்ஷனின் விலை 871 டாலர். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் அதிகம். 1971இல் மேல்கூரை மடங்கும் ஹெமி குடா மொத்தம் 11 மட்டுமே செய்தார்கள். அதில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஆர் என்ற ஓர் எழுத்து எத்தனை பெறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே இவற்றின் மதிப்பு தெரிந்திருந்தது என்று நினைத்தால் தவறு. இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்ற சின்ன ஊரில் ஃபிரெட் கிப் என்றொரு செவர்லே டீலர் இருந்தார். டிராக் ரேஸ் எனும் நேர்கோட்டு வேகப் பந்தயத்தில் பைத்தியம். கமாரோவில் 400 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்று அப்போது இன்னொரு விதி. அதற்கும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். டாக்ஸி, போலீஸ் வண்டி, லாரி ஆகியவற்றுக்குத் தனித் தேவைகள் இருந்தால் தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக ஆர்டர் அனுப்பும் முறை ஒன்று உண்டு, கோபோ என்பார்கள். அந்த வழியாக, முழுக்க அலுமினியத்தில் வார்த்த இசட்.எல்.1 என்ற 427 இன்ஜின் பொருத்திய 50 கமாரோக்களுக்கு, 1969 மாடலில், கிப் ஆர்டர் கொடுத்தார். கார்கள் வந்தன, கூடவே பில்லும் வந்தது. இன்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர், அடிப்படைக் கார் விலையைவிட அதிகம். மொத்தம் ஏழாயிரத்தைத் தாண்டிய கமாரோவை அந்தச் சின்ன ஊரில் யார் வாங்குவார்கள்? பெரும்பாலானவற்றைக் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொண்டு மற்ற டீலர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மொத்தம் 69 கார் செய்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த இசட்.எல்.1 இன்று ஏலத்துக்கு வந்தால் பல லட்சம் டாலர். பிளிமத் சூப்பர்பேர்டுக்கும் இதே கதிதான். நாஸ்கார் பந்தய விதிக்காகக் கூர்மூக்கும் உயரமான பின்னிறக்கையும் வைத்து 1970இல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கார் செய்தார்கள். வாங்க ஆளில்லாமல் சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி வைத்துவிட்டுச் அதன் மூல மாடலான சாதாரண ரோட் ரன்னராக விற்றார்கள்.

பிறகு எல்லாம் சட்டென்று முடிந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்தக் கார்களுக்கும் இளவயது டிரைவர்களுக்கும் பிரீமியத்தை ஏற்றின. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களில் கம்ப்ரஷனை, அதாவது இன்ஜினுக்குள் எரிகலவையை அழுத்தும் விகிதத்தைக் குறைத்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்றது. அதற்கு முன்பே பாதி உயிர் போயிருந்தது. எண்ணெய்த் தடைதான் கொன்றது என்று சுருக்கமாகச் சொல்வது வசதியாக இருக்கிறது, ஆனால் கொலையாளி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்பதே என் கட்சி.

இந்த இடத்தில் ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்தைச் சொல்லிவிட வேண்டும். 1971இல் 300க்கு மேல் இருந்த ஹெச்.பி. 1972இல் 250க்கு வந்துவிட்டதே, ஒரே ஆண்டில் இப்படி நோஞ்சானாக்கிவிட்டார்களே என்று புலம்புகிறவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. முன்பெல்லாம் இன்ஜினைத் தனியே மேடையில் வைத்து, ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் ஓட்டி அளந்தார்கள். 1972 முதல் காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். 1971இல் சில கம்பெனிகள் இரண்டு கணக்கையும் தந்தன: அதே ஹெமி, பழைய கணக்கில் 425, புதிய கணக்கில் 350. ஒரு திருகாணிகூட மாறவில்லை, தராசுதான் மாறியது. இதற்கு நேர்மாறான தில்லுமுல்லும் நடந்திருக்கிறது. இசட்/28 வண்டிக்கு செவர்லே சொன்ன 290 ஹெச்.பி. உண்மைக்கு மிகவும் குறைவு என்பது அதை ஓட்டியவர்களின் ஒருமித்த கருத்து. பந்தய அதிகாரிகளுக்கும் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் காட்ட வைத்த எண் அது.

எழுபதுகளின் இறுதியில் இவை வெறும் பழைய கார்கள். பெட்ரோல் குடிக்கும், துருப்பிடிக்கும். காலேஜ் பையன்கள் சில நூறு டாலருக்கு வாங்கி மரத்தில் மோதினார்கள். ஒரிஜினல் இன்ஜின் வெடித்தால் குப்பைக்கிடங்கிலிருந்து வேறொன்று. ‘நம்பர் பொருந்த வேண்டும்’ என்று அன்று யாரும் கவலைப்பட்டதில்லை. இன்று அந்த இன்ஜின்கள் இல்லாததற்கு அதுதான் காரணம். அதே பையன்கள் நாற்பது வயதில் கையில் காசோடு திரும்பி வந்தபோது விலை ஏறத் தொடங்கியது.

கார் கிடைத்துவிட்டது, பத்திரமும் சரி என்று வைத்துக்கொள்வோம். இனி டிங்கரிங் கதை. இது விலாவாரியாகச் சொல்ல வேண்டிய கதை, ஏனென்றால் பணம் இங்கேதான் கரைகிறது.

அறுபதுகளின் மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில், காற்று உள்ளே வர வரிசையாகத் துளைகள் இருக்கும். மழைநீரும் அதே வழியாக இறங்கும். அடியில் இருக்கும் தகட்டுப் பெட்டியில் இலையும் மண்ணும் சேர்ந்து வருடக்கணக்கில் ஈரம் தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே நின்று பார்த்தால் கார் மணமகள்போல் இருக்கும். அனுபவசாலி ஒரு வாளித் தண்ணீரை அந்தத் துளைகளில் ஊற்றச் சொல்லிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நீட்டிப் படுத்துக்கொள்வார். கார்ப்பெட் நனைந்தால், அல்லது அவர் முகம் நனைந்தால், பேரத்தில் சில ஆயிரம் டாலர் குறையும். அந்தத் தகட்டை மாற்ற, முன்பக்கம் முழுவதையும் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்க வேண்டும். வினைல் கூரை போட்ட கார்கள் இன்னொரு பொறி. ரெக்சினுக்குக் கீழே தகடு சல்லடையாகியிருப்பது உரித்தால்தான் தெரியும். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான்.

உடம்பை முழுக்கப் பிரித்து, கறி சுடும் கம்பிபோல் சுழலும் சட்டத்தில் மாட்டி, மணலோ பிளாஸ்டிக் துகளோ வீசிப் பழைய பெயின்ட்டை எடுப்பது வழக்கம். அந்த வேகத்தில் மெல்லிய தகடு சூடேறி நெளிந்துவிடலாம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஆலையில் ஆய்வாளர்கள் சாக்பீஸாலும் கிரீஸ் பென்சிலாலும் போட்ட குறிகள், பெயின்ட் துப்பாக்கி தப்பித் தெறித்த இடங்கள், ஸ்பிரிங்கில் அடையாளத்துக்குத் தீற்றிய நிறக் கோடுகள், எல்லாம் சேர்ந்து போய்விடும். கோயில் திருப்பணி என்று மணல் வீசிக் கல்வெட்டுகளைத் தேய்த்தவர்களை நமக்குத் தெரியும். இங்கேயும் அதே பிழையைப் பல ஆண்டு செய்துவிட்டு, இப்போது விழித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிப்பதற்கு முன் நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, சாக்பீஸ் குறி எந்த இடத்தில் எந்தச் சாய்வில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, கடைசியில் அதே இடத்தில் அதே சாய்வில் மறுபடி எழுதுகிறார்கள். அவசரத்தில் ஒரு தொழிலாளி கிறுக்கியதை அரை நாள் செலவழித்துக் கவனமாகக் கிறுக்கும் காட்சி சிரிப்பை வரவழைக்கும்; ஆனால் சிகாகோ பக்கம் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் மஸில் கார் கண்காட்சியில் நடுவர்கள் அந்தக் கிறுக்கலுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்.

இதனால் ஒரு வினோதம். அறுபதுகளில் இந்தக் கார்கள் அவசரமாகச் செய்தவை. கதவு இடைவெளி ஒழுங்காக இருக்காது. பெயின்ட் ஆரஞ்சுத் தோல்போல் இருக்கும். அடிப்பக்கம் பாதி பிரைமரோடு விட்டிருப்பார்கள். இன்றைய பட்டறைகள் கண்ணாடிபோல் வழவழப்பாக்கித் தருகின்றன. அப்படி ஒரு கார் எந்த ஆலையிலிருந்தும் என்றைக்கும் வெளிவந்ததில்லை. ‘அளவுக்கு மீறிப் புதுப்பித்தது’ என்பது அவர்களிடையே ஒரு வசவு. ஆகவே உச்சநிலை நடுவர்களுக்கு முன்னால் நிற்கும் காரில், அசலில் இருந்த குறைகளையும் திட்டமிட்டு உண்டாக்குகிறார்கள்.

தகடு கிடைக்காத காலம் போய்விட்டது. ஃபெண்டர், தரை, டிக்கி, கூரை எல்லாம் புதிதாக அடித்து விற்கிறார்கள். டைனாகார்ன் என்ற கலிஃபோர்னியக் கம்பெனி 1967–69 கமாரோவின் முழு உடலையும், அதே காலத்து மஸ்டாங்கின் முழு உடலையும் புதிதாகவே தருகிறது. துருவேறிய கிழட்டுக் காரிலிருந்து சேசிஸ் நம்பர்த் தகட்டைப் பெயர்த்துப் புது உடலில் அடித்துவிட்டால்? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்தத் தகட்டில் கைவைப்பது குற்றம். ஆனால் தரையை ஒரு மாதம், கூரையை அடுத்த மாதம், பக்கங்களை அதற்கடுத்த மாதம் மாற்றினால் அது பழுதுபார்த்தல். எந்தத் தகட்டோடு பழைய கார் முடிந்து புதுக் கார் தொடங்குகிறது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போய் நான் கண்டதில்லை.

தொடாமல் விட்ட காருக்கு மவுசு கூடியது இந்தச் சலிப்பால்தான். ‘ஒரிஜினலாக இருப்பது ஒரே ஒரு முறைதான்’ என்பார்கள். இதற்குப் பெரிய சாட்சி 1968 புல்லிட் படத்தில் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டிய பச்சை மஸ்டாங். 1974இல் நியூ ஜெர்சிக் குடும்பம் ஒன்று அதைப் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஆறாயிரம் டாலருக்கு வாங்கியது. வீட்டு அம்மா ஆசிரியை. அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார். 1977இல் மெக்குயினே கடிதம் எழுதிக் கேட்டும் தரவில்லை. பிறகு கிளட்ச் போய், பல வருடம் கொட்டகையில் கிடந்தது. 2018இல் டெட்ராய்ட் கார்க் கண்காட்சியில் வெளியே வந்தபோது துரு, நசுங்கல், மங்கிய பெயின்ட் எல்லாம் அப்படியே. கேமரா மாட்ட அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகளும் அப்படியே. பளபளவென்று புதுப்பித்திருந்தால் முதலில் வெட்டி எறிந்திருப்பது அந்தத் துண்டுகளைத்தான்; இதுதான் அந்தக் கார் என்று வாய்விட்டுச் சொன்னவையும் அவைதான். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிசிம்மி ஏலத்தில் 34 லட்சம் டாலர், கமிஷன் தனி.

இந்தக் கார் தந்த பாடத்தைப் பலர் வேறு விதமாகப் புரிந்துகொண்டு, புது பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கிக் காட்டுவதும் நடக்கிறது. சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்க்கட்சியும் பலமானது. பழைய உடம்புக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் புது எல்.எஸ். வகை இன்ஜின், டிஸ்க் பிரேக், ஏ.சி., நல்ல சஸ்பென்ஷன் எல்லாம் வைத்து ஓட்டுகிறவர்கள். ரெஸ்டோமாட் என்று பெயர். சுத்தவாதிகளுக்கு இது பாவம். ஆனால் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த 400 ஹெச்.பி. காரை மலையிறக்கத்தில் ஓட்டிப் பார்த்தவர் யாரும் அவர்களைத் திட்டமாட்டார். சாதாரண ஆறு சிலிண்டர் கமாரோவை இப்படி மாற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. உண்மையான இசட்/28 காரை அறுப்பதுதான் குற்றம் என்பது என் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே ‘டே டூ’ என்றொரு கூட்டம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பையன் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாளே கிரேகர் வீலும் ஹெடர் பைப்பும் மாட்டியிருப்பான்; அப்படித்தானே கார் உண்மையில் இருந்தது, ஆலைவாசலில் இருந்தபடியா இருந்தது என்று கேட்கிறார்கள். வரலாற்று நியாயம் இவர்கள் பக்கம்தான் அதிகம்.

ஓட்டுவதென்று முடிவுசெய்தாலும் நூறு பேச்சு. அந்த இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டின் மேல் தட்டையான லிஃப்டர் தேய்ந்தபடி ஓடும். அதைக் காப்பது எண்ணெயில் இருக்கும் துத்தநாகச் சேர்க்கை. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடாமலிருக்க இன்றைய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். புதிதாகக் கட்டிய இன்ஜினை முதன்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். தவறினால் ஆயிரக்கணக்கில் செலவழித்த கேம் அன்றைக்கே வழுக்கையாகும். சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் அறவே தடை. இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் குழாயைத் தின்கிறது, வெயில் காலத்தில் கார்புரேட்டரில் கொதிக்கிறது. எந்த எண்ணெய் நல்லது என்று இவர்களிடம் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு.

இத்தனையும் ஒரே தெருவில் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவுக்குப் போகலாம். அறுபதுகளில் இரவு நேரத்தில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட சாலை. கார்க் கம்பெனி பொறியாளர்களே இன்னும் சந்தைக்கு வராத இன்ஜின்களைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்த சாலை. 1995இல் ஃபெர்ன்டேல் என்ற புறநகரில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி சேர்க்கத் தொடங்கிய ஊர்வலம், முதல் ஆண்டே இரண்டரை லட்சம் பேரைக் கூட்டிவிட்டது. இப்போது அங்கே கார்கள் நடக்கிற வேகத்தில்தான் நகரும். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் நரைத்த தலைகள் அதிகம். கடந்து போகும் ஒவ்வொரு எஸ்.எஸ். சின்னத்தையும் பார்த்து, ‘நிஜமா, மாலிபுவா?’ என்று பந்தயம் கட்டிக்கொள்வார்கள். காரை ஓட்டுகிறவருக்கும் அந்தக் கேள்வி தெரியும். சிலர் கேட்குமுன்பே கண்ணாடியை இறக்கி, ‘மாலிபுதான், சொந்தமாகச் செய்தது’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போகிறார்கள். பத்திரம் இல்லாதவனுக்குத்தான் நிம்மதி என்று தோன்றும்.

பத்திரம் உள்ளவரின் பாடு லேத் பட்டறையில் தெரியும். ஐம்பது வருடத்து பிளாக் சூட்டில் லேசாக நெளிந்திருக்கும். ஹெட் சரியாக உட்கார மேல்முகத்தைச் சீவ வேண்டும். டார்ச்சோடு குனிந்த அந்த ஆள் படித்த பட்டையும் அதே முகத்தின் நீட்சிதான். ஒரே இழுப்பில் சீவினால் நம்பரும் கோடுகளும் இரும்புத் தூளாகக் கீழே விழும். இன்ஜின் நேர்த்தியாகிவிடும், கார் ஒரிஜினல் என்பதற்கான அத்தாட்சி போய்விடும். அதனால் நல்ல பட்டறையில் கேட்டுக்கொண்டால், கட்டரை ஹெட் விளிம்போடு நிறுத்தி, பட்டையைத் தொடாமல் விடுவார்கள். வேலை முடிந்த பிளாக்கில் விரல் வைத்துத் தடவினால், அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் மயிரிழை உயரத்தில் தனி மேடாக நிற்பது தெரியும். அடுத்த முறை வண்டி விலைக்கு வரும்போது, வாங்க வருகிறவர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த மேட்டைத்தான்.